நான் திருப்பிக் கொடுக்காத கடன்

கோடை விடுமுறைக்கு ஆவூர் வந்த பேரனின் மூக்கில் கண்ணாடி ஏறியிருந்தது. வயது எட்டுதான். "போர்டுல எழுதுறது மங்கலாத் தெரிஞ்சிச்சு தாத்தா" என்றான். எல்லாம் செல்போனால் வந்த வினை என்று மருமகளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். பிறகு இதுபற்றித் தேடிப் படித்தபோதுதான், அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை என்று புரிந்தது.

டெல்லி எய்ம்ஸில் ரோஹித் சக்சேனா என்றொரு கண் மருத்துவர். மாறுகண் சிகிச்சையில் பேர் பெற்றவர். வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் செய்கிறவர். அவரும் குழுவினரும் டெல்லிப் பள்ளிக்கூடங்களில் 9,884 பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் கிட்டப்பார்வை. அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளில் அதிகம். நாளெல்லாம் படிப்பு, டிவி என்றிருந்த பிள்ளைகளிடம் அதிகம். தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பிள்ளைகளிடம் குறைவு.

காரணம் எளிமையானது. கிட்டப்பார்வையில் கண்விழி அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்துவிடுகிறது. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரந்து அந்த வளர்ச்சியை அடக்கிவைக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம் வீட்டு டியூப்லைட்டால் அது ஆகாது. மரநிழல்கூட வீட்டுக்குள்ளைவிடப் பல மடங்கு வெளிச்சம். வெயிலில் காய வேண்டியதில்லை.

சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி வைக்காத பள்ளிகளில் 39 சதவீதத்துக்கும் மேல்.

40 நிமிடம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அது ஒரு பீரியட்.

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பரீட்சை நெருங்கினால் பி.டி. வாத்தியாரிடம், "சார், இன்னைக்கு உங்க பீரியடைக் குடுங்க, போர்ஷன் முடியல" என்று கடன் வாங்குவேன். ஒரு நாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. பிள்ளைகள் முகம் வாடும். நல்லதுக்குத்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

பெற்றோர் மட்டும் நினைத்தால் போதாது. பள்ளிக்கூடம் எட்டு மணி நேரம் உள்ளே வைத்து, டியூஷன் இரண்டு மணி நேரம் உள்ளே வைத்தால், பிள்ளை எப்போது வெளிச்சத்தைப் பார்க்கும்? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மார்க்கை மட்டும் கேட்காமல், விளையாட்டு பீரியட் ஒழுங்காக நடக்கிறதா என்றும் கேளுங்கள். பரம்பரையாகவும் கிட்டப்பார்வை வரும் என்பது உண்மைதான். பரம்பரையை நாம் மாற்ற முடியாது, டைம்டேபிளை மாற்றலாம்.

பேரனுக்கு வந்த கண்ணாடி இனிப் போகாது. பவர் வேகமாக ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடம் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். மருமகளிடம், "நான் பேசினது தப்பும்மா" என்றும் சொல்லிவிட்டேன்.

இப்போது தினமும் காலையிலும் சாயங்காலமும் அவனைத் திடலுக்கு அழைத்துப் போகிறேன். அவன் ஓடுகிறான். நான் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, வாங்கிய பீரியடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறேன்.