மலையேறும் முன்



இந்தக் கோடை விடுமுறையில் நம் வாலிபர் ஐக்கியத்தார் கொடைக்கானலுக்குச் சென்று, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் காட்டுப்பாதையில் நடக்க விரும்புகிறார்கள். பெற்றோர் சிலர் அஞ்சுகிறீர்கள். போகட்டும் என்பதே என் எண்ணம். ஆண்டெல்லாம் தறிக்குழியில் மிதித்துக் களைத்த கால்கள் சோலை நிழலில் சில நாள் நடப்பது நல்லது. உண்ணவும் நேரமின்றி உழைத்த சீஷரை ஆண்டவர் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்றதை மாற்கு 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

எப்படிப் போகிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் கோடையில் காய்ந்த மலைப்புல் எவ்வளவு விரைவில் பற்றும் என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது. "ஜெபித்துவிட்டுப் புறப்பட்டால் போதாதா, ஐயரே?" என்று கேட்போர் உண்டு. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சோதனைக்காரன் சொன்னபோது இயேசு குதிக்கவில்லை. வனத்துறையிடம் அனுமதி கேட்பது விசுவாசக் குறைவாகாது.

இன்னொன்றும் உண்டு. காலராவிலும் காய்ச்சலிலும் தம்மவரைப் பறிகொடுத்த மதுரையின் அமெரிக்க மிஷனெரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வருமுன், பெரியகுளத்தருகே அடிவாரத்திலிருந்து அவர்களில் பலரை டோலியில் சுமந்து ஏற்றியவர்கள் நம் நாட்டுக் கூலிகள். மிஷனெரிகளின் பெயர்களைக் கல்லறைகளில் வாசிக்கலாம். சுமந்தவரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இன்று அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. 2024இல் தொடங்கிய அத்திட்டத்தில் மலைவாழ் மக்களே பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள். அவர்களின் கூலியில் பேரம் பேசாதிருங்கள். பல நாள் நெய்த பட்டுச்சேலையை ஒரு நொடியில் விலை குறைத்துக் கேட்பவர் முன் நிற்கும் வேதனை, சின்ன காஞ்சிபுரத்தில் யாருக்குத் தெரியாது?

வெள்ளகவியார் தம் ஊருக்குள் செருப்பணிவதில்லை. விருந்தாளிகளாகிய நாமும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம்.

பயணக் கணக்கில் வழிகாட்டியின் கூலியை முதல் வரியில் எழுதும்படி ஐக்கியச் செயலரிடம் சொல்லியிருக்கிறேன். அனுமதி கிடைத்தபின் தேதியை அறிவிப்போம். கிடைக்காவிட்டால், கோக்கர்ஸ் வாக்கில் நடந்து, ஏரியை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்புவோம்.