கட்டுமரமும் கேட்டமரானும்

கொல்லிமலையின் அடியில், புளியஞ்சோலையில் நின்று கடற்சொல் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். மலையிலிருந்து அருவியாய் வீழ்ந்து (அவ்வருவிக்கு ‘ஆகாயகங்கை’ என வடமொழிப் பெயர் ஒட்டியவர் எவரோ!) புளியஞ்சோலைப் பாறைகளுக்கிடையே தரையிறங்கும் ஐயாறு, காவிரியொடு கூடிக் கீழ்கடல் நோக்கியே செல்கின்றது. கடலோடிகளின் மரமும் கடற்கரையில் விளைந்ததன்று. எடைகுறைந்த அம்மரங்கள் பெரும்பாலும் சேரநாட்டு மலைக்காடுகளிலிருந்தே நெய்தல் நிலத்துக்கு வந்தன. ஆகவே மலையடித் தமிழனுக்கும் கடற்கரைத் தமிழனுக்கும் பொதுவுடைமையான சொல் அது. ஆங்கிலேயன் ‘கேட்டமரான்’ என்று வழங்குகின்ற, நம் கட்டுமரம்!

‘ஆங்கிலம் நம்மிடம் கடன்பெற்ற சொல்’ என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். பேசுக. ஆயின், ஆங்கிலம் பெற்றுக்கொண்டது ஒலியை மட்டுமே. பொருளை அது கரையிலேயே விட்டுச் சென்றது.

கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதனுள் அடங்கும். இது வெறும் இலக்கண விளக்கமன்று. பரதவன் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலேறுகின்றான். மீண்டு கரையேறியதும் கட்டவிழ்த்து, நீரூறிய மரங்களை மணலிற் காயவைக்கின்றான். மறுமுறை மீண்டும் கட்டுகின்றான். நேற்றுக் கட்டியதும் இன்று கட்டுவதும் நாளை கட்டப்போவதும் அதே மரம். ஒரு தொழிலின் முழு நடப்பையும் ஆறெழுத்துள் அடக்கிய சொல்லை, எந்தப் புலவர் கழகமும் அமர்ந்து ஆக்கவில்லை. உப்புக்காற்றில் உழைத்தவன் வாயில் அது தானே பிறந்தது.

இச்சொல் ஆங்கிலத்திற் பட்ட பாட்டைப் பாருங்கள். வில்லியம் தாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில், சோழமண்டலக் கரையின் மரங்களுக்கு இப்பெயர் வழங்குவதைக் குறித்தார். அதுவரை பொருள் பிழைபடவில்லை. 1804-இல் நெப்போலியனின் கலங்களை அழிக்கப் பொலோன் துறைமுகத்தில் ஆங்கிலேயர் ஏவிய வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் இதே பெயர்! பின்னர்ப் பூசலிடும் பெண்ணை இகழவும் அதனை ஆண்டனர். 1876-இல் அமெரிக்கரான நத்தானியேல் எர்ரசாப்பு ஈருடற் பாய்ப்படகு ஒன்றைக் கட்டி, நியூயார்க்குப் போட்டியில் முந்தினார். இன்று ஆங்கில அன்றாட வழக்கில் அச்சொல்லுக்குப் பொருள் ஈருடற் படகே. கட்டும் இல்லை, மரமும் இல்லை. ஈருடற் கலமோ பசிபிக் தீவு மக்கள் பன்னூற்றாண்டுகளாகச் செலுத்தி வந்தது. அவர்கள் கலத்துக்கு நம் பெயரைச் சூட்டி, இரு மக்களின் உரிமையையும் ஒருங்கே மறைத்துவிட்டனர். இன்னும் கேளுங்கள்: மூவுடற் படகு தோன்றியபோது, நம் ‘மரத்தை’ வெட்டியெடுத்து ‘டிரைமரான்’ என்று ஒட்டுப் போட்டனர். அங்கே மரம் என்றால் படகின் உடல் என்று பொருளாம்!

அயலான் செய்ததில் எமக்குப் பெரிய வருத்தமில்லை. தனக்கு வேண்டியவாறு சொல்லை வளைப்பது எம்மொழிக்கும் இயல்பு. வருத்தம் நம்மவரைப் பற்றியது. நம் செய்தித்தாள்களும் சுற்றுலா விளம்பரங்களும் ஈருடற் படகைக் ‘கேட்டமரான்’ என்றே எழுதுகின்றன. மொழிபெயர்க்க முனைவோரோ, இரும்பாலும் இழையாலும் ஆன அப்படகைக் ‘கட்டுமரம்’ என்று எழுதிப் பொருளையே கெடுக்கின்றனர். கடலைக் காணாத மலையடிச் சிறுவன் முன்னதைப் படித்தால் அயற்சொல் என்பான். பின்னதைப் படித்தால் கட்டுமரம் இன்னதென்றே அறியான். ஈருடற் படகை ‘இணையோடம்’ என்போம். கட்டுமரம் கட்டுமரமாகவே இருக்கட்டும்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 26-12-2004 ஆழிப்பேரலைக்குப் பின், துணைசெய்ய வந்தோர் கட்டுமரங்களுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகளை மிகுதியாக வழங்கினர். அவற்றால் பரதவர்க்கு உழைப்புக் குறைந்து வருவாய் மிகுமாயின், அதைக் குறைகூற யாம் யார்? ஆயின், மரம் போகும்போது அதனோடு கட்டுண்ட சொற்களும் போகின்றன. கொண்டல், வாடை, கச்சான், சோழகம் எனக் காற்றுக்குத் திசைநோக்கிப் பெயரிட்டவர்கள் அவர்கள். நீரோட்டத்துக்கும் அலைக்கும் முடிச்சுக்கும் துடுப்புக்கும் அவர்தம் நாவில் வழங்கும் பெயர்களுள் எத்தனை நம் அகரமுதலிகளில் ஏறியுள்ளன? பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று காத்திருப்பின் சொல்லுடைய முதியோர் காத்திருக்க மாட்டார்.

கடற்கரை ஊர்களில் வாழும் அன்பர்கள், மரம் கட்டத் தெரிந்த முதியவர் ஒருவரையேனும் அணுகி, அவர் ஆளும் சொற்களை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதி, ஊர்ப்பெயருடன் எமக்கு விடுத்தருள்க. வரும் திங்கள்தொறும் அவற்றை இவ்விதழில் வெளியிடுவோம்.