பிச்சாவரம் காடு அழிந்தது யாரால்? பழி ஒருவர் மேல், காரணம் வேறு!

சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் நடராஜரைத் தரிசித்த கையோடு கிளம்பும் அடுத்த இடம் பிச்சாவரம். சுமார் 15 கிலோமீட்டர்தான். துடுப்புப் படகில் ஏறி, வேர்கள் பின்னிக் கிடக்கும் கால்வாய்க்குள் நுழைந்ததுமே செல்போன்கள் வெளியே வந்துவிடும். அந்த செல்ஃபிகளுக்குப் பின்னால் தெரிகிற பச்சையில் ஒரு பகுதி, செத்துப்போய் மறுபடி உயிர்பெற்ற காடு. உயிர் கொடுத்தது ஓர் ஆராய்ச்சி.

பல்கலைக்கழகத்தை நம்பியே வளர்ந்த ஊர் அண்ணாமலை நகர். 'பிஹெச்.டி பண்றாங்க' என்ற பேச்சு இங்கே சாதாரணம். 'அதனால நமக்கு என்ன பிரயோஜனம்?' என்ற கேள்வியும் கூடவே வரும். நியாயமான கேள்விதான். பிழைப்பு, நோய், குழந்தைகளின் படிப்பு என்ற மூன்று விஷயங்களிலும் அதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது.

விறகு வெட்டியவர்கள் மேல் பழி

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுரபுன்னைக் காடு என்றும் சொல்வார்கள். இதன் உள்ளே பெரிய பெரிய பரப்புகள் மரமே இல்லாமல் பொட்டலாகக் கிடந்தன. காரணம் கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது: 'சுத்துப்பட்டு ஜனங்க விறகு வெட்டுறாங்க, மாடு மேய்க்கிறாங்க.'

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தப் பதிலோடு நின்றுவிடாமல், மண்ணையும் தண்ணீரையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை வேறு. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை, இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் உள்ள மரங்களை மொத்தமாக வெட்டி எடுக்கும் முறை இருந்தது. அரசே வகுத்த முறை அது. மர நிழல் போனதும் வெயில் நேராக மண்ணில் இறங்கியது. ஈரம் வற்றி மண் தாழ்ந்து, நிலம் தாம்பாளம்போல் குழிந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கியது. தேங்கியது ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த உப்பில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை.

நோய் தெரிந்துவிட்டால் மருந்து தூரமில்லை. மீன் முள்ளைப்போல் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஏற்றத்தில் வந்த நீர் வற்றத்தில் வெளியேறியது. உப்பு குறைந்தது. நட்ட வெண்கண்டல் கன்றுகள் வேர் பிடித்தன. வனத்துறையும், அதுவரை குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்ட கிராமத்து மக்களும் சேர்ந்தே இந்த வேலையைச் செய்தார்கள். காடு விரிந்தது பின்னர் செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்தது.

இந்த நீரில் இறால் துழாவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கும் மீனவர்களுக்கும் காடு திரும்பியது என்றால் சோறு திரும்பியது என்று பொருள். பழைய பதிலையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலி போட்டிருப்பார்கள், வழக்குப் போட்டிருப்பார்கள். காடு மட்டும் வந்திருக்காது.

சுனாமிக்குப் பிறகு

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது. அலையாத்திக் காடு உண்மையிலேயே அலையை ஆற்றியதா? பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கே.கதிரேசனும், என்.ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். முன்னால் காடு இருந்த இடங்களிலும், கடலிலிருந்து தள்ளி மேட்டில் அமைந்த இடங்களிலும் உயிரிழப்பு குறைவு என்றார்கள்.

அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரங்களை மறுபடி அலசி, காட்டைவிட மேடும் தூரமுமே பெரிய காரணம் என்று வாதிட்டார்கள். 'என்னய்யா இது, ஆளுக்கொண்ணு சொல்றாங்க' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கடலோரத்தில் வீடு கட்டித் தருகிறவர்களுக்கு இந்தச் சண்டை ரொம்ப முக்கியம். காடு வளர்த்தால் மட்டும் போதுமா, வீட்டையும் மேட்டில் தள்ளிக் கட்ட வேண்டுமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா?

சானடோரியம் தேவையா?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் தெரியாதவர்கள் சென்னையில் குறைவு. காசநோயாளிகளை ஊருக்கு வெளியே, மாதக்கணக்கில், நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்திருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். ஆனால், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் எந்த மூலைக்கு? இடம் கிடைக்காதவர்களை என்ன செய்வது?

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் அதைத்தான் சோதித்தது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

'வீட்டில் வைத்திருந்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும்' என்ற பயத்தில் அதுவரை எத்தனை அம்மாக்கள் பிள்ளைகளைப் பிரிந்து கிடந்திருப்பார்கள்! அந்தப் பிரிவை அவசியமில்லாமல் ஆக்கியது ஓர் எளிய ஒப்பீடு.

அங்கன்வாடியில் கூடுதலாக ஒருவர்

மூன்றாவது, நம் தெருமுனை அங்கன்வாடி. பாட்டு சொல்லித்தர வேண்டும், எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். 'டீச்சர் சரியா சொல்லித் தர்றதில்ல' என்று புகார் சொல்வது சுலபம். அவருக்கு நேரம் எங்கே?

தமிழ்நாடு அரசோடு சேர்ந்து கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 320 அங்கன்வாடிகளில் இதைச் சோதித்தார்கள். குலுக்கலில் தேர்வான பாதி மையங்களுக்கு மட்டும், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை நியமித்தார்கள். சுமார் ஒன்றரை ஆண்டு கழித்து, அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறியிருந்தார்கள். எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான சத்துக்குறைவும் குறைந்தன. குறை டீச்சரிடம் இல்லை, ஆள் பற்றாக்குறையில் இருந்தது.

கணக்கெடுக்க வந்தால் கேளுங்கள்

மூன்று கதைகளிலும் முதலில் பழியோ பாரமோ விழுந்தது எளியவர்கள் மேல்தான். விறகு வெட்டுகிறவர், நோயாளி, அங்கன்வாடிப் பணியாளர். 'அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று விட்டுவிடாமல் யாரோ போய் அளந்து பார்த்ததால் உண்மை வெளியே வந்தது.

ஆனால், எல்லா ஆராய்ச்சியும் இப்படி முடிவதில்லை. கேள்வித்தாளோடு வந்து, ஒரு மணி நேரம் குடும்ப விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர் திரும்பி வராத அனுபவம் பல கிராமங்களுக்கு உண்டு. பட்டம் கிடைத்துவிடும். ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போய்விடும். தகவல் கொடுத்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

எனவே, அடுத்த முறை யாராவது ஆய்வுக்கு என்று உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த விவரம் எதற்கு? எங்கள் பெயர் வெளியே வருமா? முடிவை எங்களிடம் எப்போது வந்து சொல்வீர்கள்? மருத்துவ ஆய்வு என்றால், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறவும், விருப்பமில்லாவிட்டால் பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகள் சொல்வது இது.

வீட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா? தலைப்பு தேடி இணையத்தில் அலைவதற்கு முன்னால், சொந்த ஊரில் 'இது இப்படித்தான்' என்று எல்லோரும் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் விஷயம் எது என்று யோசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும், நாலு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, விவரம் கொடுத்தவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். டீ போட்டுக் கொடுத்துப் பதில் சொன்னவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி அது!