மாமரத்தால் எழுந்து போக முடியாது

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு பக்கம் சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலை, வடமேற்கே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை. மாவட்டத்தில் ஜல்லி கிரஷர்களும் செங்கல் சூளைகளும் உண்டு. இவற்றால் பலருக்கு வேலை கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. நான் கேட்பது இவற்றின் புகையும் தூசியும் படும் பயிருக்கான நியாயம்.

கெட்ட காற்று எல்லாப் பயிரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன. அது இலைத்துளை வழியே உள்ளே போய்த் திசுவைச் சிதைக்கிறது. பீன்ஸ், தக்காளி, உருளை, கீரை ஆகியவை இதை அதிகம் தாங்குவதில்லை. மக்காச்சோளமும் சோளமும் ஓரளவு தாங்கும், நெல் இடைப்பட்டது. ஒரே பயிரிலும் ரகத்துக்கு ரகம் தாங்கும் திறன் மாறும். 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் இந்தியா ஏறத்தாழ 56 லட்சம் டன் கோதுமையையும் அரிசியையும் இழந்தது என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அது 9.4 கோடிப் பேர் பசியாறக்கூடிய தானியம்.

மாவின் கதை வேறு. சூளைப் புகை படும் தோப்புகளில் காயின் நுனி கறுத்துக் கெட்டியாகிவிடும். வட இந்தியாவில் நூறாண்டுக்கு முன்பே பதிவான இந்தக் கோளாறுக்குக் கருநுனி என்று பெயர். இதற்குப் பூச்சியும் பூஞ்சணமும் காரணமல்ல. சூளையின் கந்தக டை ஆக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்களே காரணம். எங்கள் பக்கம் மா பூத்துப் பிஞ்சு பிடிக்கும் மாதங்களும் மழையில்லாமல் சூளை எரியும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. தளி, ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் கார்னேஷன் மலரும் எத்திலீன் பட்டால் சீக்கிரம் வாடிவிடும்.

இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. பீன்ஸ் இலையின் மேற்புறம் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் சிலந்திப்பேன் என்று நினைத்து மருந்தடிக்கிறோம். காற்றால் வந்த காயத்தை எந்த மருந்தும் ஆற்றாது. மருந்துக் காசும் போய், விளைச்சலும் போகிறது.

தாங்கும் பயிருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட வேண்டாம். அடுத்த பட்டத்தில் தக்காளிக்குப் பதில் சோளம் விதைக்கலாம். நாற்பது ஆண்டு நின்ற பெங்களூரா மாமரம் எங்கே போகும்? அதன் காயை நம்பித்தான் மாங்கூழ் ஆலைகள் ஓடுகின்றன.

அதனால் மூன்று வேண்டுகோள். ஒன்று, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு நெடுஞ்சாலை, கிரஷர், சூளை ஆகியவற்றின் அருகே சோதனைத் திடல்கள் அமைத்து, எந்தப் பயிர், எந்த ரகம் எவ்வளவு தாங்குகிறது என்று பதிவு செய்யுங்கள். இரண்டு, இலையில் இருப்பது நோயா, காற்றுக் காயமா என்று பிரித்துச் சொல்ல வேளாண், தோட்டக்கலை அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மூன்று, 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி செங்கல் சூளை குடியிருப்பிலிருந்தும் பழத்தோட்டத்திலிருந்தும் குறைந்தது 0.8 கிலோமீட்டர் தள்ளித்தான் அமைய வேண்டும். ஒவ்வொரு புதிய அனுமதிக்கு முன்னும் அந்தத் தூரத்தை நேரில் அளக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், மனிதருக்குக் கேடு தருவதை மட்டும் மாசு என்று சொல்லவில்லை. தாவரங்களுக்குக் கேடு தருவதும் மாசுதான் என்கிறது. அந்த ஒரு சொல்லை எங்கள் தோப்புகளில் நடைமுறைப்படுத்துங்கள். அடுத்த பூப்பட்டத்துக்கு முன் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினம் மா விவசாயி