ஐந்து முறை சரி, ஆறாம் முறை?

மேதை ஒருவர் சொன்னால் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது! 4,29,49,67,297 என்ற எண்ணே அதற்குச் சாட்சி.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணைப் 'பகா எண்' என்பார்கள். 3 பகா எண். அதில் 1 போக 2. இரண்டை இரண்டால் பெருக்கி, ஒன்று கூட்டினால் 5. ஐந்தில் 1 போக 4. நாநான்கு 16, ஒன்று கூட்டினால் 17. இப்படியே 257, 65,537 என்று வரும். ஐந்தும் பகா எண்களே!

இனி வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-ம் ஆண்டில் கருதினார், பிரான்சு நாட்டுக் கணித மேதை பெர்மா.

ஆறாவதாக வருவதுதான், 429 கோடியைத் தாண்டிய இந்த எண். 1732-ல் ஆய்லர் என்ற 25 வயது வாலிபர் அதை உடைத்துக் காட்டினார். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் அந்த எண் வந்துவிடுகிறது!

ஐந்து மாதம் ஒழுங்காக வட்டி கொடுத்தவர் ஆறாம் மாதமும் கொடுப்பார் என்பது நம்பிக்கை, கணக்கு அல்ல. உழைத்துச் சேர்த்த பணத்தை அந்த நம்பிக்கையில் கொட்டலாமா?

சொல்பவர் யாராக இருந்தாலும், கணக்குப் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். இந்தப் பெருக்கலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுப் பார்க்கலாம்.