அடுத்து எந்த விமானம்?

கணினித் திரையில் 'பிளைட் சிமியுலேற்றர்' கொண்டு விமானம் ஓட்டிப் பழகும் மாணாக்கர் சிலர் எம்மை வினவுவதுண்டு: "செஸ்னா 172 பழகிவிட்டோம், சேர், அடுத்து எதைக் கற்கலாம்?" வினாவுடன் விடையும் அவர் நெஞ்சில் இருக்கும். எயர்பஸ் ஏ320!

ஆசை இயல்பே. எனினும் 1988இல் சேவைக்கு வந்த அவ்விமானம் மிகுந்த புத்திசாலி. திரும்பும்பொழுது வாற்சுக்கானைத் தானே சரிசெய்யும். வழமையான இயக்கத்தில் 67 பாகைக்கு மேற் சாய்க்க முயன்றாலும் சாயாது. அதனைச் செம்மையாக இயக்குவது தனிக்கலை, குறைத்துரையோம். ஆனால் கற்போன் செய்யவேண்டியதை இயந்திரமே செய்துவிடின், அவன் கற்றது யாது?

யாம் பரிந்துரைப்பது டக்ளஸ் டி.சி.3. முதன்முதல் 1935 டிசம்பர் 17இற் பறந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் 2022ஆம் ஆண்டு நாற்பதாண்டு நிறைவுப் பதிப்பிலும் இடம்பெற்றது. எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் விசை, சுழல்விசிறி, எரிபொருட்கலவை என மும்மூன்று நெம்புகோல்கள். செஸ்னாவிற் பழகிய கைக்கு இவையே போதிய வேலை.

உண்மைச் சோதனை நிலத்திலேயே. வாற்சில்லில் அமர்ந்து மூக்கை உயர்த்தி நிற்பதால் முன்னே பாதை தெரியாது. பாரத்தின் மையமோ பிரதான சில்லுகளுக்குப் பின்னே உள்ளது. இருசில்லு வண்டியை இழுக்காமற் பின்னின்று தள்ளிப் பாருங்கள். சற்றே கோணினும் மேலும் கோணும். இதுவும் அவ்வாறே. இறங்கி முற்றாக நிற்கும்வரை கால்களுக்கு ஓய்வில்லை. வானில் ஓர் எஞ்சின் நின்றால் மூக்கு அப்பக்கமே திரும்பும். மறுபக்க மிதியை உடனே அழுத்தல் வேண்டும். வீட்டு நாற்காலி சறுக்கலை உணர்த்தாது. ஆதலாற் கருவிப் பலகையிலுள்ள சிறு குண்டிற் கண் வைத்துப் பழகுக.

கால்மிதி வாங்க வசதியில்லாதோர், தண்டினை முறுக்கத்தக்க ஜோய்ஸ்ரிக் கொண்டும் பழகலாம். சுக்கானைத் தானே இயக்கும் உதவியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பெற்றோர் வீட்டுக்கணக்கைச் செய்து கொடுப்பது போன்றது அது.

முதல் நாள் பறக்கவே வேண்டாம். ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு விலகாது மெல்ல ஓட்டிச் சென்று திரும்புங்கள். கால் படிந்தபின், 1947 டிசம்பரில் எயர் சிலோன் தன் முதற் சேவையை இவ்வின விமானத்தைக் கொண்டே நடத்திய வழியில், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குப் புறப்படுங்கள்.