கடைசி அத்தியாயத்து வாக்குமூலம்

தமிழில் துப்பறியும் நாவல்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. கதையின் முற்பாதியைச் சுருக்கிச் சொல்லி, விறுவிறுப்பு, எதிர்பாராத திருப்பம் என்று இரண்டு சொற்களைச் சேர்த்து, கொலையாளி யார் என்பதை நாவலில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லுமே, அதே முறைதான். மறுபுறம், தீவிர இலக்கியம் பேசும் நண்பர்கள் இந்நாவல்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. வெகுஜன எழுத்து என்ற ஒரு சொல்லோடு அவர்களுடைய விமர்சனம் முடிந்துவிடுகிறது. பாராட்டுபவர், புறக்கணிப்பவர் ஆகிய இருவருக்கும் இடையில் விசாரணையே இல்லாமல் தப்பித்து வருவது இந்நாவல்களின் கடைசி அத்தியாயம். அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். எந்த நாவலின் முடிச்சையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை; அந்த அச்சம் வேண்டாம்.

நான் வண்ணாரப்பேட்டைக்காரன். எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் புத்தகம் என்றால் பாடப்புத்தகம்; அதை விட்டால் மாத நாவல். துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் திரும்பும் அப்பாவின் சாப்பாட்டுப் பையில் சில நாள் ஒரு பாக்கெட் நாவல் இருக்கும். அது எங்கள் வீட்டில் தொடங்கி நான்கு வீடுகள் சுற்றி, அட்டை கிழிந்து, கடைசியில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு தெருவுக்குப் போயிருக்கும் என்பதே என் நம்பிக்கை. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேன், வைஜயந்தி ஆகியோர் எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர்களைப் போலப் பழக்கமானவர்கள். சாணித்தாளில் அச்சான அந்த நூல்கள் இல்லாவிட்டால் நானும் என் வயதொத்த பலரும் பின்னாளில் வேறு எதையும் வாசித்திருக்க மாட்டோம். இந்த நன்றியை முதலில் பதிவு செய்துவிட்டே குறை சொல்லத் தொடங்குகிறேன்.

எதிர்வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. நாவல்களை அதிகம் வாங்குபவரும் அவர்தான். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். கடைசி அத்தியாயத்தை மட்டும் மறுநாளைக்கு என்று நிறுத்திவைப்பார். இரவெல்லாம் நாங்கள் கொலையாளியைப் பற்றிப் பந்தயம் கட்டிக்கொண்டிருப்போம். ஒரு மழைக்காலத்தில், கிடங்கு ஒன்றில் நடந்த திருட்டுக்காக அவரைச் சந்தேகத்தின் பேரில் அழைத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். தேநீர்த் தம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டுவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சு. மறுமாதமே களவுபோன சரக்கு வேறெங்கோ, வேறு ஆட்களிடம் அகப்பட்டது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் நாவல் வாங்கத் தொடங்கினார். ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிடுவார். "ஏண்ணே, யாரு கொலைகாரன்னு தெரிய வேணாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "யாரப் புடிச்சாலும் ஒத்துக்குவான்டா. ஒத்துக்காம இருக்க முடியாது" என்றார். பிற்காலத்தில் நான் வாசித்த எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளில் தமிழ் மர்ம நாவலைப் பற்றி இவ்வளவு கூர்மையான வாக்கியம் ஒன்றைக் கண்டதில்லை.

நம் மாத நாவல்களின் இறுதிப் பகுதிகளை நினைத்துப் பாருங்கள். சந்தேகப்பட்டவனின் கன்னத்தில் ஒரு அறை. அல்லது, இருட்டறை, ஒரே விளக்கு, லத்தி. இரண்டு பத்திக்குள் அவன் உடைந்துபோய், 'சொல்லிடறேன் சார்' என்று தொடங்கி, ஐந்து பக்கத்துக்குச் சங்கிலித் தொடராக எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். துப்பறிபவர் இருநூறு பக்கம் அலைந்து திரட்டிய தடயங்களுக்கு அங்கே வேலையே இல்லை. எல்லா நாவல்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது விதிவிலக்கு அல்ல, வழக்கம் என்பதை மாத நாவல் வாசகர் எவரும் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது கலை சார்ந்தது. துப்பறியும் கதை என்பது வாசகனோடு எழுத்தாளன் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். தடயங்கள் வாசகன் கண்ணிலும் பட வேண்டும். முடிவு அவற்றிலிருந்து பிறக்க வேண்டும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இதற்காகப் பத்துக் கட்டளைகளே வகுத்தார். அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் ஆக்ராய்ட்' நாவல் 1926இல் வந்தபோது, அது ஒப்பந்தத்தை மீறியதா இல்லையா என்று பெரிய சர்ச்சையே எழுந்தது. அந்த நாவலின் பெயரையே தலைப்பில் வைத்து, யார் கொன்றால் நமக்கென்ன என்று 1945இல் எட்மண்ட் வில்சன் ஏளனம் செய்து எழுதினார். ஏளனம்தான், ஆனால் படித்துவிட்டு, பெயர் சொல்லி, காரணம் சொல்லிச் செய்த ஏளனம். அந்த மரியாதைகூட நம் எழுத்தாளர்களுக்கு நம் விமர்சகர்களிடமிருந்து கிடைத்ததில்லை.

இரண்டாவது கோளாறு சட்டம் சார்ந்தது. எனவே மனிதர் சார்ந்தது. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. இது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் 23ஆம் பிரிவாக இது தொடர்கிறது. அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பது வெள்ளைக்கார அரசுக்கே தெரிந்திருந்தது. ஆக, நம் நாவல்களின் கடைசி அத்தியாயங்கள் பலவும் நீதிமன்ற வாசலைக்கூடத் தாண்டாதவை. கொலையாளி மறுநாளே வக்கீல் வைத்து வாக்குமூலத்தை மறுத்துவிடலாம். ஆனால் வாசகன் மனத்தில் அவை நன்றாகவே தாண்டிவிடுகின்றன. லத்தி பேசினால் உண்மை வெளிவரும் என்று மாதந்தோறும் படித்து வளர்ந்த சமூகம், காவலில் ஒருவர் இறந்த செய்தி வரும்போது 'அவன் என்ன செய்தானோ' என்று முதலில் கேட்பதில் வியப்பென்ன? கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே வகுத்துக் கொடுத்தது. 2020இல் சாத்தான்குளம் நடந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்த மாத நாவல்களை யாராவது அடுக்கி வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான வழக்குகள் இப்படி முடிவதில்லை என்பதற்கு எங்கள் பகுதியே சாட்சி. 1952 ஆகஸ்டில், இராமேசுவரம் நோக்கிச் சென்ற போட் மெயில் ரயிலின் ஒரு பெட்டியில் நாற்றம் தாளாமல் பயணிகள் முறையிட, மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டி இறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத ஓர் ஆணின் உடல். தலை பின்னர் ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கொலை நடந்தது ராயபுரம் செமட்ரி ரோட்டு வீடு ஒன்றில். இன்றும் ஆளவந்தார் கொலை வழக்கு என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த வழக்கு நடக்க வேண்டுமென்றால், நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் கிடைத்த தலையும் உடலும் ஒரே மனிதருடையவை என்று முதலில் நிறுவியாக வேண்டும். அதை நிறுவியது லத்தி அல்ல, மருத்துவம். நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் முன்னிலையில் ஜூரிகளோடு நடந்த விசாரணையின் முடிவில் கணவருக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. தூக்குக் கயிற்றை எதிர்பார்க்கும் நாவல் வாசகனுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் கொன்றவர், கொல்லப்பட்டவர் இருவரையும் மனிதர்களாக வைத்து யோசிக்கவேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு உண்டு. நாவலாசிரியருக்கு அது ஏன் இல்லை?

இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1944இல், லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. அப்ரூவராக மாறியவரின் சாட்சியம் அந்த வழக்கில் பெரிய பங்கு வகித்தது. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை விடுபடாத புதிர். கடைசி அத்தியாயமே இல்லாத கதை அது. அதனால்தானோ என்னவோ, எண்பது ஆண்டுகள் கடந்தும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பார்வை ஏதோ மேற்கிலிருந்து இறக்குமதியானதும் அல்ல. சிலப்பதிகாரத்தை ஒரு குற்ற வழக்காகப் படித்துப் பாருங்கள். பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கோவலன் கொல்லப்படுகிறான். கண்ணகி அவைக்கு வந்து செய்வது என்ன? சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இதில் மாணிக்கம். தடயப்பொருளைச் சபையில் வைத்து நிரூபித்த முதல் வழக்குரைஞர் என்று அவளைச் சொல்லலாம். விசாரிக்காமல் தண்டித்தால் மன்னனும் மதுரையும் என்னவாகும் என்று சொன்ன காப்பியம் நம்முடையது.

நவீனத் தமிழிலும் முன்னோடிகள் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு மூவரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே துப்பறியும் நாவலைப் பெரும் வாசகப் பரப்புக்குக் கொண்டு சென்றார்கள். ரங்கராஜுவின் கோவிந்தனையும் வடுவூராரின் திகம்பர சாமியாரையும் வீடுகளில் உரக்கப் படித்தார்கள். தேவன் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' நாவலில் ஒரு கொலை வழக்கின் விசாரணையையே கதையாக்கினார். சுஜாதா 'நைலான் கயிறு' தொடங்கிக் கணேஷை வக்கீலாக வைத்ததை வெறும் அலங்காரம் என்று நான் நினைக்கவில்லை. வக்கீல் உள்ளே வந்ததும், இது கோர்ட்டில் நிற்குமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வி வந்தவுடன் கதையின் தரம் ஒரு படி உயர்கிறது.

ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரின் கோயம்புத்தூரிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலும் 2006இல் வந்தது. குற்றமற்ற இளைஞர்களைக் காவலில் வைத்து ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்த கதை; அவருடைய சொந்தக் கதை. பின்னர் வெற்றிமாறன் அதை 'விசாரணை' என்று படமாக்கினார். என்னைப் பொறுத்தவரை அது நம் மாத நாவல்கள் எழுதாமல் விட்ட பக்கங்கள். இருட்டறையில் நாற்காலியின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எழுதிய கடைசி அத்தியாயம்.

நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். "பேருந்துப் பயணத்துக்கு வாங்குகிற புத்தகம், மாதத்துக்குப் பல நாவல் எழுதுகிறவரிடம் சாட்சியச் சட்டம் கேட்பது நியாயமா?" என்றார். அவர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. பொழுதுபோக்கு பாவமன்று; நானும் அதற்காகவே படிக்கிறேன். ஆனால் வேதியியல் ஆய்வகத்தைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும் தகவல் சேகரித்துத் துல்லியமாக எழுதும் இவ்வெழுத்தாளர்களுக்குக் காவல் நிலையத்தைப் பற்றி எழுதத் தெரியாது என்று நான் நம்பவில்லை. கேட்பார் இல்லை, அவ்வளவுதான். 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது பலரும் திடீரென்று அவற்றை ரசிக்கத் தொடங்கினார்கள். எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அட்டைப்படத்தை வியந்துவிட்டு நகரும் ரசனையும் ஒரு வகைப் புறக்கணிப்புதான்.

எனவே மர்ம நாவலுக்கு மதிப்புரை எழுதுவோரிடம் என் வேண்டுகோள் எளியது. கொலையாளியின் பெயரைச் சொல்ல வேண்டாம். அவன் எப்படிப் பிடிபட்டான் என்பதை மட்டும் சொல்லுங்கள்: தடயத்தாலா, அடியாலா? செத்தவருக்கு முதல் பக்கத்துக்குப் பிறகு யாராவது அழுதார்களா? முதலில் சந்தேகிக்கப்பட்டு அழைத்துச் செல்லப்பட்டவன் எந்தப் பேட்டைக்காரன், எந்தத் தொழில் செய்பவன், விடுவிக்கப்பட்ட பிறகு அவனைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததா? இவற்றைச் சொன்னால் எந்தச் சுவாரசியமும் கெடாது. காசிமேடும் வண்ணாரப்பேட்டையும் வியாசர்பாடியும் ரவுடிகளின் முகவரியாக மட்டும் வந்துபோகும் நாவல்களை அடையாளம் காணவும் இது உதவும்.

அந்த அண்ணன் இப்போது இல்லை. அவர் பாதியில் மூடிக் கொடுத்த நாவல்கள் இரண்டு மூன்று என்னிடம் இருக்கின்றன. அவர் நிறுத்திய பக்கத்தில் மடித்த முனை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகான பக்கங்களை நான் படித்துவிட்டேன். அவர் சொன்னதுபோலவே, எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.